எத்தனை கோர் வேண்டும்? பெட்டிமேல் அச்சிட்ட எண்ணை வாசிக்கும் முறை

இன்டெலின் ஐ7-1255யு, ஐ5-12450எச், ஐ5-12400 ஆகிய மூன்று பிராசசர்களும் 2022-இல் சந்தைக்கு வந்தவை. மூன்றிலும் 12 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள். கோர், அதாவது பிராசசருக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி, முதலாவதில் 10, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 6. பெயரையும் கோர் எண்ணிக்கையையும் வைத்துப் பார்த்தால் ஐ7தான் முந்த வேண்டும். ஆனால் ஒரு மணி நேர வீடியோவை பிராசசரை மட்டும் கொண்டு வேறு வடிவத்துக்கு மாற்றச் சொன்னால், ஆறு கோர் உள்ள ஐ5-12400 முதலில் முடித்துவிடும்; பத்து கோர் ஐ7 கடைசியில்தான் வரும். காரணம், மூன்றிலும் எண்ணப்படுவது ஒரே வகைக் கோர் கிடையாது.

2021 இறுதியில் வந்த 12-ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் பல மாடல்களில் ஒரே சில்லில் இரண்டு வகைக் கோர்களை வைக்கிறது. பெரிய கோர் வேகத்துக்கு, சிறிய கோர் சிக்கனத்துக்கு. ஒரு பெரிய கோர் பிடிக்கும் இடத்தில் ஏறக்குறைய நான்கு சிறிய கோர்களை அடுக்கிவிடலாம். ஐ7-1255யு-வில் பெரியவை இரண்டுதான், மீதி எட்டும் சிறியவை. நிலையாக ஓட அதற்குக் கொடுக்கப்பட்ட அளவு 15 வாட். ஐ5-12450எச்-இல் நான்கும் நான்கும், 45 வாட். ஐ5-12400-இல் ஆறும் பெரியவை, 65 வாட்.

கடையில் நின்றபடியே இதைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு உண்டு. இந்தத் தலைமுறைகளில் பெரிய கோர் ஒவ்வொன்றும் இரண்டு த்ரெட்டாகத் தெரியும், சிறிய கோர் ஒன்றாகவே தெரியும். ஆகவே த்ரெட் எண்ணிக்கையிலிருந்து கோர் எண்ணிக்கையைக் கழித்தால் பெரிய கோர்கள் எத்தனை என்பது வந்துவிடும். 12-இல் 10 போனால் 2. ஐ9-14900கே-வில் 32-இல் 24 போனால் 8. விலை குறைந்த சிறு கணினிகளில் வரும் என்100-இல் 4-இல் 4 போனால் பூஜ்யம்: நான்குமே சிறியவை. கோர் அல்ட்ரா 7 155எச் வரை இது செல்லும் (22-இல் 16 போனால் 6). அதன் பிறகு வந்த கோர் அல்ட்ரா 200 வரிசையில் பெரும்பாலானவற்றில் இரட்டை த்ரெட்டையே எடுத்துவிட்டார்கள். அல்ட்ரா 9 285கே-வில் 24 கோர், 24 த்ரெட். கழித்தால் பூஜ்யம் வரும், ஆனால் பெரிய கோர் எட்டு இருக்கிறது. அங்கே தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தைப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி-யில் ஏமாறும் இடம் வேறு. ரைசன் 5 7520யு, 7530யு, 7540யு மூன்றும் பக்கத்துப் பக்கத்து எண்கள். முதலாவது 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பில் நான்கு கோர். இரண்டாவது ஜென் 3, ஆறு கோர். மூன்றாவது ஜென் 4, ஆறு கோர். லேப்டாப்புக்கான 7000 வரிசையில் வடிவமைப்பைச் சொல்வது மூன்றாவது இலக்கம்: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. ‘7000 வரிசை, ரைசன் 5’ என்று மட்டும் விளம்பரத்தில் இருந்தால் முழு எண்ணைக் கேட்காமல் பணம் கட்டக் கூடாது.

கோர் என்பது கட்டளைகளைத் தானாகவே எடுத்து, புரிந்து, செய்து முடிக்கக்கூடிய ஒரு முழு பிராசசர். த்ரெட் என்பது, விவரப் பட்டியலில் வரும் பொருளில், ஒரு கோர் இயங்குதளத்துக்குக் காட்டும் வாசல். ஒரு கோருக்கு இரண்டு வாசல் வைப்பதன் காரணம் ரேம் மெதுவானது என்பதே. கேச்சில் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) இல்லாத தரவை ரேமிலிருந்து எடுத்து வர 80 நானோநொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 கிகாஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 400 கோடி துடிப்பில், ஓடும் கோருக்கு அது 320 துடிப்பு. அவ்வளவு நேரமும் அதன் கணக்குப் போடும் உறுப்புகள் வெறுமனே கிடக்கும். அந்த இடைவெளியில் இரண்டாவது வாசல் வழியாக வேறு வேலையை நுழைப்பதை இன்டெல் 2002-இல் ஹைப்பர் த்ரெடிங் என்ற பெயரில் கொண்டுவந்தது. இதனால் வேகம் இரட்டிப்பாகாது. 20 முதல் 30 சதவீதம் கூடினால் நல்ல பலன். காத்திருப்பே இல்லாத நெருக்கமான கணக்குகளில் எதுவும் கூடாமலும் போகலாம். எட்டு த்ரெட் என்பதை எட்டு கோர் என்று எண்ணி வாங்குபவர் ஏமாறுவது இங்கேதான்.

எதை ஒரு கோர் என்று எண்ணலாம் என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2011-இல் ஏஎம்டி ‘எட்டு கோர்’ என்று விற்ற எஃப்எக்ஸ் பிராசசர்களில் இரண்டிரண்டு கோர்கள் தசமக் கணக்குப் பகுதியைப் பங்கிட்டுக்கொண்டன. அதை எட்டு என்று சொல்வது சரியல்ல என்று 2015-இல் கலிபோர்னியாவில் வழக்கு போட்டார்கள். 2019-இல் 1 கோடியே 21 லட்சம் டாலர் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

ஒரே கோரை வேகமாக்கிக்கொண்டே போகாமல் ஏன் எண்ணிக்கையைக் கூட்டினார்கள்? வெப்பம்தான் காரணம். சில்லு தின்னும் மின்சாரம் துடிப்பு வேகத்தோடு நேர் விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கும், அதனால் அடி இரட்டையாக விழுகிறது. இன்டெல் பென்டியம் 4-ஐ 3.8 கிகாஹெர்ட்ஸ், 115 வாட் வரை கொண்டுபோய் முட்டிக்கொண்டு நின்றது. அறிவித்திருந்த 4 கிகாஹெர்ட்ஸ் மாடலை 2004-இல் கைவிட்டது. வீட்டுக் கணினிக்கான இன்டெல் சில்லு 4 கிகாஹெர்ட்ஸை அடிப்படை வேகமாகத் தொட்டது பத்து ஆண்டுகள் கழித்து, 2014-இல் ஐ7-4790கே-யில்.

அதே விதியைத் திருப்பிப் போட்டால் லாபம் வருகிறது. வேகத்தை 20 சதவீதமும் மின்னழுத்தத்தை 20 சதவீதமும் குறைத்தால் மின்செலவு 0.8 × 0.8 × 0.8, அதாவது 0.51 ஆகும். பழைய ஒரு கோர் தின்ற மின்சாரத்தில் இப்போது இரண்டு கோர் ஓடும். இரண்டும் சேர்ந்து 1.6 மடங்கு வேலை செய்யும். ஐபிஎம் 2001-இல் பவர்4 சில்லில் இரண்டு கோர்களை வைத்தது. 2005 மே மாதம் இன்டெல் பென்டியம் டி-யும் ஏஎம்டி அத்லான் 64 எக்ஸ்2-வும் அதையே வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தன.

அந்த 1.6 மடங்கு, வேலையைச் சரிபாதியாகப் பிரிக்க முடிந்தால் மட்டுமே. நடவுக்குப் பத்து ஆள் வந்தால் ஒரு நாளில் வயல் முடியும். நாற்றங்காலில் நாற்று வளர்கிற நாட்களை எத்தனை ஆள் வந்தும் குறைக்க முடியாது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் சொன்னது இந்தக் கணக்கைத்தான். ஒரு வேலையில் 90 சதவீதம் பிரிக்கக்கூடியது, 10 சதவீதம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தாக வேண்டியது என்றால், நான்கு கோரில் 3.1 மடங்கு வேகம், எட்டில் 4.7, பதினாறில் 6.4. ஆயிரம் கோர் போட்டாலும் பத்து மடங்கைத் தாண்டாது. பாதிக்குப் பாதிதான் பிரியும் என்றால் நிலைமை இன்னும் மோசம்: நான்கு கோரில் 1.6, எட்டில் 1.78, எத்தனை சேர்த்தாலும் 2-க்குக் கீழே. அன்றாட மென்பொருளில் 90 சதவீதம் பிரிகிறவை குறைவு.

ஆகவே கோர் எண்ணிக்கையை முடிவு செய்யும் முன், நம் வேலை எவ்வளவு பிரிகிறது என்று தெரிய வேண்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. இருக்கிற கணினியிலேயே அளந்துவிடலாம். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். முதலில் ரேமையும் டிஸ்க்கையும் பாருங்கள். ரேம் 90 சதவீதத்துக்கு மேல் நிறைந்து, டிஸ்க் 100-இல் நின்றால் நோய் கோரில் இல்லை. 8 ஜிபி-யை 16 ஆக்குவதும், பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போடுவதும்தான் மருந்து. ‘கணினி மெதுவாக இருக்கிறது, புது பிராசசர் வேண்டும்’ என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

அது சரியாக இருந்தால் டீட்டெய்ல்ஸ் பகுதிக்குப் போய், காக்கவைக்கும் மென்பொருளின் எதிரே சிபியு என்ற நெடுவரிசையில் உள்ள எண்ணைப் பாருங்கள். 100-ஐ உங்கள் த்ரெட் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது ஒரு த்ரெட்டின் முழு உழைப்பு: எட்டு த்ரெட் கணினியில் 12.5. மென்பொருள் நிமிடக்கணக்கில் 12, 13 என்றே நின்றால் அது ஒரே த்ரெட்டில் ஓடுகிறது. அதற்குக் கூடுதல் கோர் வாங்குவது வீண். கோர் ஒன்றின் வேகம் கூடிய சில்லுதான் வேண்டும். 70, 80, 95 என்று ஏறினால் கோர்களை உண்மையாகவே உண்கிறது. பெர்ஃபார்மன்ஸ் பகுதியின் வரைபடங்களை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். விண்டோஸ் ஒரே த்ரெட்டைக் கோருக்குக் கோர் மாற்றி மாற்றி ஓட்டும். அதனால் எல்லாக் கோர்களும் கொஞ்சம் கொஞ்சம் வேலை செய்வதுபோல் தோன்றும், எதுவும் நிறைந்ததாகத் தெரியாது.

இதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. டீட்டெய்ல்ஸில் அந்த மென்பொருளின் மேல் வலது கிளிக் செய்து ‘செட் அஃபினிட்டி’ தேர்ந்தெடுத்தால், எந்தெந்த த்ரெட்களில் அது ஓடலாம் என்று டிக் செய்யும் பெட்டி வரும். நான்கு கோர், எட்டு த்ரெட் கணினி என்றால் சிபியு 0-உம் 1-உம் ஒரே கோர், 2-உம் 3-உம் அடுத்த கோர் என்று போகும். 4 முதல் 7 வரை டிக்கை எடுத்துவிட்டால் கோர்கள் பாதியாகின்றன. அதே வேலையை முன்பும் பின்பும் கடிகாரம் வைத்துப் பாருங்கள். பாதியாக்கியும் நேரம் பத்து சதவீதம்கூடக் கூடவில்லை என்றால், இருப்பதை இரட்டிப்பாக்கினாலும் பெரிதாகக் குறையாது. நேரம் இரட்டிப்பானால் கூடுதல் கோர் பலன் தரும். வேலையைத் தொடங்கும் முன்பே இதை அமைக்க வேண்டும். தொடங்கிய பிறகு என்றால் அந்த மென்பொருள் ஏற்கெனவே கிளப்பிவிட்ட துணை நிரல்களுக்கு இது பொருந்தாது. மென்பொருளை மூடித் திறந்தால் அமைப்பு பழையபடி ஆகிவிடும், அதனால் பயமில்லை. சிலர் எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புக் கருவி வழியாகக் கோர் எண்ணிக்கையைக் குறைத்துச் சோதித்துவிட்டுத் திருப்ப மறந்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் கணினி பாதி பலத்தில் ஓடும்.

இனி வேலைகள். பிரவுசரும் அலுவலக மென்பொருள்களும் வீடியோ அழைப்பும் மட்டும் என்றால் புதிய வடிவமைப்பில் நான்கு பெரிய கோர், அல்லது ஐ3-1215யு போல இரண்டு பெரியதும் நான்கு சிறியதும் தாராளம். பிரவுசர் ஒவ்வொரு தளத்துக்கும் தனி நிரலைக் கிளப்பினாலும், ஒரு பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் பெரும்பாலும் ஒரே த்ரெட்டில்தான் ஓடுகிறது. கனமான பக்கம் திணறுவது கோர் போதாததால் அல்ல. விண்டோஸ் 11 குறைந்தபட்சமாகக் கேட்பது 1 கிகாஹெர்ட்ஸில் இரண்டு கோர். அது நிறுவ அனுமதி, அவ்வளவே. அதில் வேலை செய்ய முடியும் என்ற உறுதிமொழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எக்செல் விநோதமான மிருகம். 2007 பதிப்பிலிருந்து சூத்திரங்களைப் பல த்ரெட்டில் கணக்கிடுகிறது, ஆனால் விபிஏ மேக்ரோ (எக்செலுக்குள் நாமே எழுதும் சிறு நிரல்) ஒரே த்ரெட்டில்தான் ஓடும். பெரிய ஃபைலைத் திறந்து கணக்கிடும் நேரம் புதுக் கணினியில் குறைந்து, மேக்ரோ மட்டும் பழைய வேகத்திலேயே ஊர்ந்தால் காரணம் இதுதான். பைத்தான் நிரல் மொழியிலும் இதே சிக்கல்: வழக்கமான பைத்தானில் உள்ள பூட்டு ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டுமே விடுகிறது. நிரலில் த்ரெட் எண்ணிக்கையைக் கூட்டிப் பயனில்லை; தனித்தனி ப்ராசஸாகப் பிரிக்க வேண்டும். அந்தப் பூட்டு இல்லாத பதிப்பு 2024 அக்டோபரில் 3.13-உடன் பரிசோதனையாக வந்தது.

சி++ போன்ற மொழிகளில் பெரிய மென்பொருளைக் கம்பைல் செய்வது, அதாவது எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது, கோர்களை நன்றாகத் தின்னும் வேலை. ஆயிரம் ஃபைல் இருந்தால் ஒவ்வொன்றும் தனி வேலை, பிரிப்பது எளிது. இங்கே இரண்டு இடத்தில் இடறும். ஒன்று ரேம்: கனமான ஃபைல் ஒன்றுக்கு 1 முதல் 2 ஜிபி வரை பிடிக்கும். 16 த்ரெட் உள்ள கணினியில் 8 ஜிபி ரேமை வைத்துக்கொண்டு பதினாறையும் ஒரே நேரத்தில் விட்டால், எஸ்எஸ்டி-யில் இடமாற்றம் தொடங்கி, நான்கே வேலையாக ஓட்டியிருந்தால் ஆகும் நேரத்தைவிட அதிகம் ஆகும்; இல்லையேல் கம்பைலர் நடுவில் கொல்லப்படும். மற்றொன்று, கடைசியில் வரும் லிங்க் கட்டம். எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் அந்த வேலை பெரிதும் ஒற்றை வரிசையில் நடப்பது. ஆம்டால் சொன்ன 10 சதவீதம் அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஃபைலில் ஒரு வரியை மாற்றி மறுபடி மறுபடி இயக்கிப் பார்ப்பவருக்கு 16 கோரைவிட வேகமான 8 கோர் நல்லது. கல்லூரி மாணவருக்கு 6 பெரிய கோரும் 16 ஜிபி ரேமும் போதும். ஆண்ட்ராய்டு செயலி எழுதுபவராக இருந்தால் கூடுதல் பணத்தை முதலில் ரேமில் போடச் சொல்வேன்.

விளையாட்டுக்குக் கோர் எண்ணிக்கையில் ஒரு இயற்கையான எல்லை இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5-உம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்-உம் 2020-இல் எட்டு ஜென் 2 கோர்களோடு வந்தன. பெரிய விளையாட்டுகளை அந்த எட்டை மனதில் வைத்தே எழுதுகிறார்கள். ஆகவே 6 கோர் குறைந்தபட்சம், 8 நிறைவு. அதற்கு மேல் கேச்தான் பேசும். 96 எம்பி மூன்றாம் நிலைக் கேச் உள்ள எட்டு கோர் ரைசன் 7 7800எக்ஸ்3டி, பல விளையாட்டுகளில் அதே தலைமுறையின் பதினாறு கோர் 7950எக்ஸ்-ஐ முந்துகிறது. பதினாறு கோர் சில்லு எட்டு எட்டாக இரண்டு துண்டுகளால் ஆனது; ஒரு துண்டின் கோர் மற்றதன் கேச்சிலிருந்து தரவு கேட்டால் தாமதமாகும். எது தடை என்று கண்டுபிடிக்க கிராஃபிக்ஸ் கார்டின் உழைப்பைப் பாருங்கள். அது 95-க்கு மேல் நின்றால் பிராசசரை மாற்றி ஒரு பலனும் இல்லை. அது 60-இல் தொங்கி, பிராசசரும் மொத்தமாக 30-ஐத் தாண்டவில்லை என்றால், விளையாட்டின் முதன்மை த்ரெட் ஒன்று ஒரு கோரை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதற்கும் பதில் வேகமான கோர்தான்.

வீடியோவில் பலர் தவறான பொருளுக்குப் பணம் கொடுக்கிறார்கள். மென்பொருள் வழியாக எச்.264 என்ற வீடியோ வடிவத்துக்கு மாற்றினால் எட்டு, பன்னிரண்டு கோர் வரை நன்றாகவே உதவும். ஆனால் எடிட்டிங் மென்பொருள் பெரும்பாலும் சில்லில் உள்ள கிராஃபிக்ஸ் பகுதியின் வீடியோ எஞ்சினையோ தனி கார்டையோ பயன்படுத்தும். அப்போது கோர்கள் பாதி ஓய்வில் இருக்கும். விலை கொஞ்சம் குறைவு என்று ஐ5-12400எஃப் வாங்கினால் அந்த எஃப் எழுத்தின் பொருள் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லை என்பது. இன்டெலின் வீடியோ எஞ்சினும் அதோடு போய்விடும். எடிட்டிங் செய்பவர் எஃப் இல்லாத மாடலை எடுப்பதே நல்லது. முப்பரிமாண ரெண்டரிங் கோர்களை ஒன்றுவிடாமல் நிரப்பும், ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு அதை இன்னும் விரைவாகச் செய்யும். பல விர்ச்சுவல் மெஷின்களை (ஒரே கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் தனிக் கணினிகள்) ஒரே நேரத்தில் ஓட்டுபவருக்கு மட்டும் 12, 16 கோர் என்பது தயக்கமில்லாமல் சொல்லக்கூடிய எண். ஒவ்வொன்றுக்கும் கொடுப்பதைக் கூட்டி, கணினிக்கென்று இரண்டு கோர் மிச்சம் வையுங்கள்.

லேப்டாப்பில் இந்த எண்கள் எல்லாவற்றுக்கும் மேலே வெப்பம் உட்கார்ந்திருக்கிறது. 15 வாட் ஐ7-1255யு சிறிது நேரம் 55 வாட் வரை பாயலாம். அரை நிமிடம் போல அந்த வேகம் இருக்கும், பிறகு லேப்டாப்பின் விசிறியும் உலோகமும் தாங்கும் அளவுக்கு இறங்கிவிடும். விமர்சனங்களில் வரும் குறுகிய சோதனைகள் அந்த அரை நிமிடத்தைத்தான் அளக்கின்றன. அறை வெப்பம் 25-இலிருந்து 35 டிகிரிக்கு ஏறினால் அதே உழைப்பில் சில்லின் வெப்பமும் ஏறக்குறைய பத்து டிகிரி ஏறும். சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் 100 டிகிரி வரம்பைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கனமான வேலையைப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு டாஸ்க் மேனேஜரில் ஓடும் வேகத்தைப் பாருங்கள். 4 கிகாஹெர்ட்ஸில் தொடங்கியது 2-க்கு வந்திருந்தால் கூடுதல் கோர் உள்ள அதே தடிமன் லேப்டாப்பால் பெரிதாகப் பயனில்லை. மூன்று நான்கு ஆண்டு ஆன இயந்திரம் என்றால் தூசி தட்டி, காய்ந்த தெர்மல் பேஸ்டை மாற்றினாலே இழந்த வேகத்தில் நல்ல பங்கு திரும்பும்.

இன்னொரு திருட்டு ரேமில். 8 ஜிபி ஒரே தகடாகப் போட்டு விற்கும் கணினிகளில் நினைவகப் பாதை பாதிதான் திறந்திருக்கும். கோர்கள் கூடக் கூட அந்த ஒற்றைப் பாதையில் நெரிசல் கூடும். உள்ளமைந்த கிராஃபிக்ஸும் அதே பாதையில்தான் வருகிறது. இடம் இருந்தால் இன்னொரு 8 ஜிபி தகடு போடுங்கள், பல நேரம் அதன் பலன் நன்றாகவே தெரியும்.

லேப்டாப் பிராசசர் பலகையோடு (மதர்போர்டு) பற்றவைக்கப்பட்டு வருகிறது. பிறகு மாற்ற முடியாது. அதனால் அங்கே தேவைக்கு ஒரு படி மேலே வாங்குவதில் நியாயம் உண்டு. டெஸ்க்டாப்பில் அந்த அவசரம் இல்லை. 2017-இல் ஏஎம்டி-யின் ஏஎம்4 வகைப் பலகையில் நான்கு கோர் ரைசன் போட்டவர்களில் பலர் இன்று அதே பலகையில் எட்டு, பதினாறு கோர் ரைசன் 5000 ஓட்டுகிறார்கள். மாற்றும்போது வரிசை முக்கியம்: பழைய பிராசசர் பொருத்தியிருக்கும்போதே பலகையின் பயாஸை, அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளை, புதுப்பித்து, ஒருமுறை கணினியைத் தொடங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு கழற்ற வேண்டும். புதியதைப் போட்டுவிட்டுப் புதுப்பிக்கலாம் என்று நினைத்தால், பெரும்பாலும் திரையில் ஒன்றும் வராது. புதுப்பிப்பதற்காகவே பழைய பிராசசரை மறுபடி தேட வேண்டியிருக்கும்.